0.999… என்பது 1தானா: முகம் தெரியாதவர்களோடு கணக்கு விவாதிக்க ஒரு வழிகாட்டி

0.999… என்று 9 முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் எண்ணும் 1-ம் ஒன்றா, வேறுவேறா? இந்த ஒரு வரியை இணையத்தில் எங்கே போட்டாலும் சற்று நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பள்ளி மாணவி, பொறியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்கு என்றாலே ஓடுகிறவர் என எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. கருத்து இருப்பதில் தப்பில்லை. நூறு பதில்கள் தாண்டிய பிறகும் ஒருவர்கூட இருந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் எரிச்சல்.

இத்தனை பேரும் கூட்டல் தெரியாதவர்கள் அல்ல. பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே குறியீட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு கேள்விகளையும் சீக்கிரம் பிரித்தெடுக்கத் தெரிந்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதி சுவாரசியமாகிவிடும். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அதற்கான வழிமுறை இது.

முதல் படி: எந்த வகைச் சண்டை என்று பாருங்கள்

பதில் எழுதும் முன், கேள்வி எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கேள்விகளுக்கு விடை என்றோ தீர்ந்துவிட்டது. 0.999… அந்த வகை. சிலவற்றுக்கு உண்மையிலேயே யாருக்கும் விடை தெரியாது. ஓர் எண்ணை எடுத்து, இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, இப்படியே போனால் எப்போதும் 1-க்கு வந்துவிடுமா என்ற கொலாட்ஸ் கேள்வி அப்படிப்பட்டது. கணினியில் 2-இன் 68-ஆம் அடுக்கையும் தாண்டிச் சரிபார்த்துவிட்டார்கள். நிரூபணம் இன்னும் இல்லை. யாராவது அரைப் பக்கத்தில் நிரூபித்துவிட்டதாகச் சொன்னால் வாழ்த்துவதற்கு முன்னால் எந்த வரியில் ஓட்டை என்று தேடுங்கள்.

மூன்றாவது ரகம்தான் நேரத்தைத் தின்னும். 6÷2(1+2) எவ்வளவு? இடமிருந்து வலமாகப் போனால் 9. ஒட்டி எழுதிய 2(1+2)-ஐ ஒரே உறுப்பாக எடுத்தால் 1. கால்குலேட்டர்களிலேயே இரண்டு வழக்கமும் உண்டு. எழுதியவர் அடைப்புக்குறி போடச் சோம்பல்பட்டிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். இதில் இறங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ‘இப்படி அடைப்புக்குறி போட்டால் 9, அப்படிப் போட்டால் 1’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வரிகளுக்கு எண் போடப் பழகுங்கள்

கணக்கு விவாதத்துக்கு இருக்கிற மிகப் பெரிய வசதி, எதிராளியோடு எங்கே முரண்படுகிறோம் என்பதை ஒரே ஒரு வரிக்குக் கொண்டுவந்துவிட முடியும் என்பதுதான். அரசியலிலோ சினிமாவிலோ இது நடக்காது. இதற்குப் பயிற்சியாக, 2 = 1 என்று ‘நிரூபிக்கும்’ பழைய குறும்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

(1) அ = ஆ என்று வைத்துக்கொள்வோம்.
(2) இருபுறமும் அ-வால் பெருக்கினால் அ² = அஆ.
(3) இருபுறமும் ஆ²-ஐக் கழித்தால் அ² − ஆ² = அஆ − ஆ².
(4) காரணிப்படுத்தினால் (அ + ஆ)(அ − ஆ) = ஆ(அ − ஆ).
(5) பொதுக் காரணியை அடித்துவிட்டால் அ + ஆ = ஆ.
(6) அ-வும் ஆ-வும் ஒன்றுதானே, ஆகவே 2ஆ = ஆ; 2 = 1.

‘இது அபத்தம்’ என்று எழுதுவது பதில் ஆகாது. அபத்தம் என்பது போட்டவருக்கே தெரியும். ‘நான்காவது வரி வரை சரி. ஐந்தாவது வரியில் (அ − ஆ)-வால் வகுத்திருக்கிறீர்கள். முதல் வரிப்படி அது பூஜ்யம்’ என்பதுதான் பதில். இந்த மூன்று வாக்கியங்களின் கட்டமைப்பைக் கவனியுங்கள்: எதுவரை ஒப்புக்கொள்கிறேன், எங்கே பிரிகிறேன், ஏன். எவ்வளவு பெரிய கணக்கானாலும் இதே அமைப்பு போதும். எதிர்த்தரப்பு வரிகளுக்கு எண் போடாமல் பத்தி பத்தியாகக் கொட்டினால், நீங்களே எண் போட்டுத் திருப்பி எழுதி, ‘நீங்கள் சொல்வது இதுதானே?’ என்று கேளுங்கள். பல நேரம் ஆள் அந்த இடத்திலேயே தன் ஓட்டையைத் தானே கண்டுகொள்வார்.

விசைப்பலகையில் எழுதும்போது இன்னொரு சங்கடம் உண்டு. 1/2அ என்றால் பாதி அ-வா, 2அ-வால் வகுத்த 1-ஆ? அடைப்புக்குறிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். நோட்டில் எழுதிப் படம் எடுத்துப் போடுவதும் நல்ல வழிதான், வெளிச்சம் இருந்தால்.

மூன்றாம் படி: மூன்று புள்ளிகளுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள்

இப்போது 0.999… கணக்குக்கு வருவோம். எல்லோரும் முதலில் எடுத்து வீசும் ஆயுதம் இது. அந்த எண்ணை ம என்று வைத்துக்கொள். 10ம = 9.999… ஆகும். கழித்தால் 9ம = 9. ஆகவே ம = 1. முடிந்தது.

முடியவில்லை. விவரமான ஓர் ஆள் எதிரே இருந்தால் இப்படித் திருப்புவார்: 1 + 2 + 4 + 8 + … என்பதை ம என்று வைத்துக்கொள். முதல் 1-ஐத் தனியே எடுத்துவிட்டால் மீதி எல்லாம் 2ம. அதாவது ம = 1 + 2ம. ஆகவே ம = −1. நேர் எண்களாகக் கூட்டிக் குறை எண் வந்துவிட்டதே, உங்கள் 0.999… கணக்கில் மட்டும் இந்தத் தந்திரம் எப்படிச் செல்லும்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் 10ம தந்திரத்தைக் கையில் எடுக்காதீர்கள். ம என்று பெயர் வைத்த கணத்திலேயே அப்படி ஓர் எண் இருக்கிறது என்று நாம் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அதற்கு முடிவிலாத் தொடரின் கூடுதல் என்று எதைச் சொல்கிறோம் என்பது வேண்டும். முடிவில்லாமல் யாரும் உட்கார்ந்து கூட்ட முடியாது. அதனால் முதல் உறுப்பு மட்டும், முதல் இரண்டு, முதல் மூன்று என்று பகுதிக் கூடுதல்களை வரிசையாக எழுதுகிறோம். அந்த வரிசை ஏதாவது ஓர் எண்ணை, நாம் கேட்கிற அளவுக்கு நெருங்கி, அதன் பிறகு அந்த நெருக்கத்தை விட்டு விலகாமலே இருந்தால் அந்த எண்ணுக்கு எல்லை என்று பெயர். எல்லை இருந்தால் தொடர் ஒருங்குகிறது. அந்த எல்லையைத்தான் தொடரின் கூடுதல் என்கிறோம். எல்லை இல்லையென்றால் தொடர் விரிகிறது, கூடுதல் கிடையாது.

0.999…-க்குப் பகுதிக் கூடுதல்கள் 0.9, 0.99, 0.999 என்று போகும். 1-இலிருந்து இவற்றின் தூரம் 1/10, 1/100, 1/1000. எவ்வளவு சிறிய இடைவெளியை நீங்கள் சொன்னாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஆகவே எல்லை 1. மூன்று புள்ளிகளுக்கு நாம் கொடுத்திருக்கும் பொருள் அந்த எல்லைதான். 1 + 2 + 4 + 8 + … தொடரின் பகுதிக் கூடுதல்கள் 1, 3, 7, 15 என்று ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அதனால்தான் அங்கே ம என்று பெயர் வைக்கும் வரியே செல்லாது.

இவ்வளவு சொன்ன பிறகும் மூன்று எதிர்ப்புகள் கட்டாயம் வரும்.

‘நெருங்கும், ஆனால் தொடாது.’ இது வந்தால் சந்தோஷப்படுங்கள், விவாதத்தின் முடிச்சு கையில் கிடைத்துவிட்டது. தொடாமல் நெருங்குவது 0.9, 0.99, 0.999 என்ற வரிசை. 0.999… அந்த வரிசையில் ஓர் உறுப்பு அல்ல. அந்த வரிசை எதை நெருங்குகிறதோ அதன் பெயர். நகர்கிறது, போய்க்கொண்டிருக்கிறது என்று வரிசையைப் பற்றிச் சொல்லலாம். ஓர் எண் எங்கும் போகாது. எதிரே இருப்பவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டுவிட்டாலே போதும், பாதிப் பேர் ‘ஓ, அப்படியா’ என்பார்கள்.

‘இரண்டுக்கும் 0.000…1 வித்தியாசம் இருக்கிறது.’ அந்த 1 எத்தனையாவது தசம இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தசம விரிவில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் இட எண் உண்டு: முதலாவது, நூறாவது, கோடியாவது. ‘முடிவில்லாத பூஜ்யங்களுக்கு அப்புறம்’ என்று ஓர் இடம் அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் படித்தவரிடமிருந்து வரும்: முடிவில்லாமல் சிறிய, ஆனால் பூஜ்யமல்லாத அளவுகளை அனுமதிக்கும் எண் முறைகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. 1960-களில் கணிதர் ஆபிரகாம் ராபின்சன் அப்படி ஒன்றை முறையாகவே கட்டிக் காட்டினார். எந்த நேர் மெய்யெண்ணையும்விடச் சிறிய, ஆனால் பூஜ்யத்தைவிடப் பெரிய எண்கள் அதில் உண்டு. 9-களை முடிவிலியான ஓர் இடத்தில் வெட்டி நிறுத்தினால் 1-ஐவிடக் குறைவான எண்ணே கிடைக்கும். ஆனால் வெட்டாமல் எழுதிய 0.999… அங்கேயும் 1தான். இப்படிப் பதில் சொன்னால் எதிராளியின் படிப்புக்கும் மரியாதை, உங்கள் விடைக்கும் சேதமில்லை.

நான்காம் படி: அதிர்ச்சி விடைக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கேளுங்கள்

அடுத்த பெரிய சண்டை 1 + 2 + 3 + 4 + … = −1/12. இதைப் போடுகிறவர்கள் கூடவே ராமானுஜன் பெயரையும் போடுவார்கள். பெயரைப் பார்த்தவுடன் ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் ஏளனம். இரண்டுமே அவசரம்.

1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் இந்த விடையைக் குறிப்பிடுவது உண்மை. ஆனால் அவர் வெறுமனே சமக்குறி போட்டுவிட்டுப் போகவில்லை. தன் கோட்பாட்டின்படி இந்த விடை வருகிறது என்றும், இதைச் சொன்னால் நீங்கள் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்றும் சேர்த்தே எழுதுகிறார். எந்த விதியின்கீழ் இந்தச் சமக்குறி நிற்கிறது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பகிர்கிறவர்கள்தான் அந்தப் பாதியை வெட்டிவிடுகிறார்கள்.

சாதாரணப் பொருளில் இந்தத் தொடர் விரிகிறது. 1, 3, 6, 10 என்று பகுதிக் கூடுதல்கள் ஏறிக்கொண்டே போகும். உறுப்புகளை ஓரிடம் தள்ளி வைத்துக் கழிக்கும் வழக்கமான ‘நிரூபணம்’ ஏன் நம்பத்தகாதது என்று காட்ட இரண்டே வரி போதும். தொடர் ம என்றால், அதையே ஓரிடம் தள்ளி 0 + 1 + 2 + 3 + … என்று எழுதிக் கழியுங்கள்: மேலே 1 + 1 + 1 + 1 + … வரும், விடை ம − ம = 0. இந்த 1 + 1 + 1 + …-ஐயும் ஓரிடம் தள்ளிக் கழித்தால் 1 மட்டும் மிஞ்சும், விடை மறுபடியும் 0. ஆக 1 = 0. பூஜ்யம் சேர்த்துத் தள்ளலாம், உறுப்புக்கு உறுப்பு கழிக்கலாம் என்ற இரண்டு சலுகைகளையும் கொடுத்தால் இந்தத் தொடருக்கு எந்த மதிப்பும் தாங்காது.

அப்படியானால் −1/12 பொய்யா? இல்லை. ஜீட்டா சார்பு என்று ஒன்று இருக்கிறது. 1-ஐவிடப் பெரிய த என்ற எண்ணுக்கு அதை 1 + 1/2^த + 1/3^த + … என்ற தொடராக எழுதலாம் (2^த என்றால் 2-இன் த-ஆம் அடுக்கு). அந்தத் தொடர் செல்லாத இடங்களுக்கும் சார்பை ஒரே ஒரு வழியில்தான் சீராக நீட்ட முடியும். நீட்டிய பிறகு −1 என்ற இடத்தில் அதன் மதிப்பு −1/12. அந்த இடத்தில் பழைய தொடரை எழுதிப் பார்த்தால் 1 + 2 + 3 + … போலத் தெரியும். ஆகவே ‘இந்த விதிப்படி இந்தத் தொடருக்கு ஒதுக்கப்படும் எண்’ என்றால் சரி. ‘எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது’ என்றால் தப்பு.

விதியை மாற்றி மதிப்புக் கொடுப்பது ஏமாற்று வேலை இல்லை என்று காட்ட எளிமையான எடுத்துக்காட்டு வேண்டுமானால் 1 − 1 + 1 − 1 + … இருக்கிறது. 1703-இல் கிராண்டி என்ற இத்தாலியக் கணிதர் இதை எடுத்து ½ என்றார். லைப்னிட்ஸும் ½ பக்கம்தான் சாய்ந்தார். பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று ஆடிக்கொண்டே இருப்பதால் எல்லை கிடையாது. ஆனால் அவற்றின் சராசரியை எடுத்துப் பாருங்கள்: 1, 1/2, 2/3, 2/4, 3/5, 3/6… இது ½-ஐ நோக்கி அடங்கிவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செசாரோ இந்தச் சராசரி முறையை ஒழுங்கான வரையறையாகவே வைத்தார். ஏற்கெனவே ஒருங்குகிற தொடர்களுக்கு இந்த முறை பழைய விடையையே கொடுக்கும், புதிதாக எதையும் கெடுக்காது. விரியும் தொடர்கள் சாத்தானின் வேலை என்று நார்வே கணிதர் ஆபெல் 1826-இல் கடிதமே எழுதினார். அந்தக் கோபமும் நியாயமானதுதான், அப்போது விதிகளே இல்லாமல் எல்லோரும் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

நடைமுறைக்கு: −1/12 என்று யாராவது எழுதினால் ‘தப்பு’ என்று தொடங்காதீர்கள். ‘எந்தக் கூட்டல் முறையில்?’ என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் என்றால் நல்ல உரையாடல் கிடைக்கும். தெரியாதவர் என்றால் அது இரண்டு பதில்களுக்குள் வெளியே வந்துவிடும்.

இங்கேயே இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வரிசையை மாற்றிக் கூட்டினால் என்ன, விடை ஒன்றுதானே’ என்பவருக்கு 1 − 1/2 + 1/3 − 1/4 + … தொடரைக் காட்டலாம். இதன் கூடுதல் சுமார் 0.693, அதாவது 2-இன் இயல் மடக்கை. இதையே ஒரு நேர் உறுப்பு, இரண்டு குறை உறுப்பு என்று மாற்றி அடுக்குங்கள்: 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + … முதல் இரண்டைச் சேர்த்தால் 1/2, அப்புறம் −1/4, அடுத்த குழுவில் 1/3 − 1/6 என்பது 1/6, அப்புறம் −1/8. மிஞ்சுவது 1/2 − 1/4 + 1/6 − 1/8 + …, அதாவது பழைய தொடரில் சரிபாதி. ஓர் உறுப்பைக்கூட விடவில்லை, புதிதாக எதையும் சேர்க்கவும் இல்லை. விடை மட்டும் பாதியாகிவிட்டது. இந்த மாதிரித் தொடர்களை எந்த மெய்யெண்ணுக்கு வேண்டுமானாலும் அடுக்கி வரவழைக்கலாம் என்று ரீமான் காட்டினார். இதைவிட நல்ல விவாதத் தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: கணினியில் ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதன் சொல்லை வேதவாக்காக எடுக்காதீர்கள்

நிகழ்தகவுப் புதிர்களில் கணினி நல்ல நடுவர். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் பரிசு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நிகழ்ச்சி நடத்துபவர் மீதி இரண்டில் பரிசு இல்லாத ஒன்றைத் திறந்து காட்டி, மாறுகிறீர்களா என்கிறார். மாறினால் வெற்றி வாய்ப்பு 2/3. 1990-இல் மர்லின் வாஸ் சவந்த் தன் பத்திரிகைப் பத்தியில் இதைச் சொன்னபோது ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை அவர் சொன்னது தப்பு என்றன, முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவையே ஆயிரத்துக்குப் பக்கம். பால் ஏர்டிஷ் போன்ற மேதைகூடக் கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் அடங்கினார். ‘நான் எம்.எஸ்சி. கணிதம், எனக்குத் தெரியாதா’ என்று யாராவது ஆரம்பித்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம், வீணாகச் சூடேறும்.

ஆனால் இங்கும் விதிதான் விடையை முடிவு செய்கிறது. நடத்துபவருக்குப் பரிசு எங்கே என்று தெரியும், வேண்டுமென்றே காலிக் கதவைத்தான் திறப்பார் என்றால் 2/3. அவரும் குருட்டாம்போக்கில் ஒன்றைத் திறந்து, தற்செயலாக அது காலியாக இருந்தது என்றால் மாறினாலும் மாறாவிட்டாலும் பாதிக்குப் பாதி. பாதி என்று அடம்பிடிப்பவர் மனத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுப் பார்க்காமல் திட்டாதீர்கள். இரண்டு குழந்தைகளில் ஒன்று ஆண், மற்றதும் ஆணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வியிலும் இதே கதை. அந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்பதைப் பொறுத்து 1/3-ம் வரும், 1/2-ம் வரும். 1959-இல் இதைப் பரப்பிய புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னரே பிற்பாடு கேள்வி தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் பத்து வரியில் மூன்று கதவு ஆட்டத்தை லட்சம் முறை ஆடவிடலாம். தெரியாவிட்டால் சீட்டுக்கட்டில் மூன்று சீட்டை எடுத்து இருவராக முப்பது தடவை ஆடினாலே போக்கு தெரிந்துவிடும்.

தொடர்களில் கணினியை நம்பினால் காலை வாரிவிடும். 1 + 1/2 + 1/3 + 1/4 + … விரியும் தொடர். 1350 வாக்கிலேயே நிக்கோல் ஓரெம் இதை நிரூபித்துவிட்டார்: 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிட அதிகம்; அடுத்த நான்கு உறுப்புகளும் சேர்ந்து 1/2-ஐவிட அதிகம்; அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் நத்தை வேகம். 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும், 20-ஐத் தாண்ட 27 கோடிக்கு மேல். இதைக் கணினியில் ஒற்றைத் துல்லியத்தில், அதாவது ஏறத்தாழ ஏழு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் முறையில், கூட்டிக்கொண்டே போனால் சுமார் 21 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு 15.40 பக்கத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை கோடி உறுப்பைச் சேர்த்தாலும் அசையாது. சேர்க்கும் எண் அவ்வளவு சிறியதாகிவிடுவதால் கணினி அதை வட்டமாக்கி விழுங்கிவிடுகிறது. அந்தத் திரைப் படத்தைப் போட்டு ‘பாருங்கள், தொடர் ஒருங்குகிறது’ என்பவர் உண்டு. கோபப்படாமல் ஓரெமின் அரைகளைக் காட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு விடையை அப்படியே ஒட்டும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. ஒட்டுங்கள், ஆனால் மூன்றாவது வரி ஏன் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியும் என்றால் மட்டும். முடியாவிட்டால் விவாதத்தில் இருப்பது நீங்கள் அல்ல.

ஆறாம் படி: பேச்சு நடை

எல்லோருக்கும் ‘நீங்கள்’ போடுங்கள். அந்தப் பக்கம் இருப்பது ஒன்பதாம் வகுப்பு மாணவனாக இருக்கலாம், முப்பது வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தவராக இருக்கலாம். ‘ப்ரோ’வும் ‘சார்’உம் அவர்கள் தொடங்கினால் தொடரட்டும். ‘இதுகூடத் தெரியாதா’, ‘பள்ளிக்கூடம் போனீர்களா’ இரண்டையும் மறந்துவிடுங்கள். அதற்கு அப்புறம் எதிராளி கணக்கைப் பார்க்க மாட்டார், மானத்தைத்தான் பார்ப்பார்.

ஒரே பதிலில் ஒரே குறையைச் சொல்லுங்கள். ஏழு ஓட்டைகள் தெரிந்தாலும் முதல் ஓட்டையை மட்டும். ஏழையும் கொட்டினால் அவர் அதில் சுலபமானதை எடுத்து அடைத்துவிட்டு ஜெயித்ததாகப் போய்விடுவார்.

உங்கள் பக்கம் தப்பு என்று தெரிந்தால் ‘ஐந்தாவது வரி செல்லாது, நீங்கள் சொன்னது சரி’ என்று ஒரு வரி போடுங்கள். பழைய பதிவை அழிக்க வேண்டாம். அழித்தால் கீழே இருக்கும் பதில்களெல்லாம் அந்தரத்தில் தொங்கும், பின்னால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

எப்போது எழுந்து போவது? ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டும் வேறு எதற்கோ பதில் வந்தால் போய்விடலாம். வரையறையைச் சொல்ல மறுத்தாலும் அப்படியே. வட்டத்துக்குச் சமமான சதுரத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து வரைந்துவிட்டேன் என்று வருகிறவரிடம் நிற்கவே வேண்டாம். 1882-இல் லிண்டமன் பை பற்றி நிரூபித்ததிலிருந்து அது முடியாத காரியம் என்பது உறுதி. அதற்கு நூறு வருடம் முன்பே, 1775-இல், பாரிஸ் அறிவியல் கழகம் இப்படி வருகிற ‘தீர்வு’களை இனிமேல் படிப்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டது. ஒரு கழகமே களைத்துப்போனதில் நீங்கள் இரவு விழித்துச் சாதிக்கப்போவது குறைவு.

ஏழாம் படி: முதல் சண்டைக்கு ஒரு தொடர்

0.999…-இல் கூட்டம் அதிகம். அமைதியாகத் தொடங்க வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 1 + 1/2 + 1/3 + … தொடரில், கீழே இருக்கும் எண்ணில் 9 எங்காவது வந்தால் அந்த உறுப்பை நீக்கிவிடுங்கள். 1/9 போச்சு, 1/19 போச்சு, 1/90-இலிருந்து 1/99 வரை மொத்தமும் போச்சு. மிச்சம் இருப்பது விரியுமா, ஒருங்குமா?

வருகிற முதல் பதில் அநேகமாக ‘விரியும், கொஞ்சம்தானே நீக்கினோம்’ என்பதாகத்தான் இருக்கும். 1914-இல் கெம்ப்னர் காட்டியபடி அது ஒருங்குகிறது. நிரூபணம் கைக்கு அடக்கமானது. 9 இல்லாத ஓரிலக்க எண்கள் 8. அவற்றின் உறுப்புகள் ஒவ்வொன்றும் 1-ஐத் தாண்டாது, மொத்தம் 8-க்குள். ஈரிலக்க எண்கள் 8 × 9 = 72; ஒவ்வொன்றும் 1/10-ஐத் தாண்டாது, மொத்தம் 7.2-க்குள். மூவிலக்கத்தில் 648 எண்கள், மொத்தம் 6.48-க்குள். ஒவ்வொரு படியிலும் வரம்பு முந்தையதில் பத்தில் ஒன்பது பங்கு. 8 + 7.2 + 6.48 + … என்ற பெருக்குத் தொடரின் கூடுதல் 80. ஆகவே நம் தொடர் 80-ஐத் தாண்டவே முடியாது. உண்மையான மதிப்பு சுமார் 22.92.

அடுத்து, ‘9-இல் அப்படி என்ன விசேஷம்?’ என்பார்கள். ஒன்றுமில்லை, 7-ஐ நீக்கினாலும் ஒருங்கும். அப்புறம் ‘கொஞ்சம்தானே நீக்கினோம்’ என்பதற்கு மறுபடியும் வருவார்கள். அதற்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள்: நூறு இலக்கம் வரையுள்ள எண்களில் 9 இல்லாதவற்றின் பங்கு 0.9-இன் நூறாம் அடுக்கு. லட்சத்துக்கு மூன்றுகூடத் தேறாது.